தோலிலிருந்து செல் பிரிக்கும்போது: எந்தக் கோளாறுக்கு எங்கே தேடுவது

கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. "செல் சரியில்லைங்க" என்று யாராவது ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், என்சைம் எத்தனை நிமிஷம் வைத்தாய் என்று முதலில் கேட்கமாட்டோம். தோலை எத்தனை மணிக்கு வெட்டினார்கள், எதில் போட்டு அனுப்பினார்கள், தண்ணீர் எங்கே பிடித்தாய் என்றுதான் கேட்போம். இன்று மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் நேற்றோ முந்தாநாளோ நடந்தது. அதனால் இந்தக் குறிப்பையும் அப்படியே எழுதியிருக்கிறேன்: கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கிப் பின்னால் போவது.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் மிஞ்சும் தோல், அதாவது வயிற்றுச் சதை குறைப்பு, மார்பகக் குறைப்பு, சுன்னத்து போன்றவற்றில் எப்படியும் குப்பைக்குப் போகிற தோல், நமக்கு வரும்; அதிலிருந்து உயிருள்ள செல்லைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பதுதான் வேலை. தோலுக்கு உரியவரின் கையெழுத்திட்ட சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தோலைக் கழுவி, கொழுப்பைச் செதுக்கி, பட்டை பட்டையாக நறுக்கி, டிஸ்பேஸில் ஒரு ராத்திரி ஊறவைப்போம். மறுநாள் மேல்தோல் தனியாக உரியும். அதை டிரிப்சினில் போட்டால் கெரட்டினோசைட் (மேல்தோல் செல்), அடித்தோலைக் கொலாஜினேஸில் போட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் (அடித்தோல் செல்). டிஸ்பேஸ், டிரிப்சின், கொலாஜினேஸ் மூன்றும் திசுவின் பிணைப்பை வெட்டும் என்சைம்கள். மனிதத் திசு என்பதால் எந்தத் துண்டையும் நோய்த்தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர் இந்த மேசைக்கே வரவேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரு செல்கூட உயிரோடு இல்லை

செத்த செல்லை நீலமாக்கும் சாயமான டிரிப்பான் புளூ போட்டுப் பார்த்தால் அத்தனையும் நீலம். இது என்சைம் கோளாறாக இருப்பது அபூர்வம். என்சைம் அதிகமானால் பாதி சாகும், முழுசாகச் சாகாது. முழுசாகச் செத்திருந்தால் தோல் வந்த பாட்டிலைத் தேடி எடுத்து மோந்து பாருங்கள். (மூக்கைப் பாட்டில் வாயில் வைத்து அல்ல, கையால் விசிறி.)

எனக்கு நடந்தது இது. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றிலிருந்து நல்ல அகலமான தோல் வந்தது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, தொட்டால் விறைப்பு. ஏசி குளிரில் வந்ததால் அப்படி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு நாள் உழைத்தேன். கடைசியில்தான் தெரிந்தது: தியேட்டரில் இருந்தவர், பயாப்சிக்கு அனுப்புகிற வழக்கத்தில், கை பழகிய ஃபார்மலின் ஜாடியிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, முன்னாடியே நம் மீடியம் (செல்லுக்குத் தீனியான திரவம்) பாட்டிலைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்காதது என் தப்பு. இப்போதெல்லாம் பெரிய எழுத்தில் "ஃபார்மலின் வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டிய பாட்டிலைத்தான் முந்தின நாளே அனுப்புகிறோம்.

ஃபார்மலின் இல்லையென்றால் அடுத்து ஐஸ். ஈரோட்டிலிருந்து நூறு கிலோமீட்டர், அப்புறம் அவிநாசி ரோட்டு நெரிசல். பாவம் என்று பாட்டிலைச் சுற்றி ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸை நெருக்கி அடைத்து அனுப்புவார்கள். பாட்டில் சுவரை ஒட்டிய பக்கம் உறைந்துவிடும், உள்ளே ஐஸ் படிகம் செல்லைக் கிழித்துவிடும். பாட்டிலுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி சுற்றினால் போதும். நமக்கு வேண்டியது 4 டிகிரிதான், பூஜ்யம் அல்ல. மீடியத்தில் மூழ்கி 4 டிகிரியில் இருந்தால் தோல் ஒரு நாள் தாங்கும். வெறும் பஞ்சில் சுற்றி வந்தால் ஓரம் காய்ந்திருக்கும். ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு நடுவை எடுங்கள். கருகிய ஓரம் தெரிந்தால் அது காட்டரியின் (ரத்தம் நிற்கச் சுடும் கருவி) வேலை, அதையும் வெட்டித் தள்ளுங்கள்.

செல் பாதிதான் நீலம், 50, 60 சதவீதம் உயிரோடு என்றால் கதை வேறு. டிரிப்சின் நேரத்தைக் குறையுங்கள். இன்னொன்று, டிரிப்பான் புளூ கலந்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று டீ குடித்துவிட்டு வந்து எண்ணக் கூடாது. மூன்று, நான்கு நிமிஷத்துக்குள் எண்ணவேண்டும். வைத்திருந்தால் உயிருள்ள செல்லும் நீலத்தை வாங்கிக்கொள்ளும்.

மேல்தோல் உரியவில்லை

ஊறவைத்த கடலைக்காய்ப் பருப்பை விரலில் நசுக்கினால் தோல் எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறதோ, அப்படி வரவேண்டும். ஒரு ஓரத்தை இடுக்கியால் பிடித்து, இன்னொரு இடுக்கியால் அடித்தோலை அழுத்திக்கொண்டு மெதுவாக இழுத்தால், அரைக் கண்ணாடி போல மெல்லிய தாள் ஒரே வீச்சில் எழும்பும். இழுக்க இழுக்கக் கிழிந்தால் டிஸ்பேஸ் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

டிஸ்பேஸ் வெட்டுவது மேல்தோலையும் அடித்தோலையும் ஒட்டவைத்திருக்கும் மெல்லிய படலத்தை. நான்காம் வகைக் கொலாஜனும் ஃபைப்ரோனெக்டினும் அதற்குத் தீனி. அந்தப் படலத்துக்கு அது அடியிலிருந்துதான் போயாகவேண்டும், ஏனென்றால் மேலே கெரட்டின் படிந்த பக்கம் தண்ணீர்கூட நுழையாது. அதனால் மூன்று இடத்தில் பாருங்கள். கொழுப்பு மிச்சம் இருக்கிறதா? மஞ்சள் மணிமணியாக ஒட்டியிருந்தால் வளைந்த கத்தரிக்கோலால் வெண்மை தெரியும்வரை செதுக்குங்கள். பட்டை எவ்வளவு அகலம்? 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நடுப்பகுதிக்கு என்சைம் எட்டாது. அடித்தோல் கீழே பார்த்துக் கிடக்கிறதா, குப்புற விழுந்து கிடக்கிறதா? இவ்வளவும் சரியென்றால் என்சைமைச் சந்தேகப்படுங்கள். டிஸ்பேஸுக்கு ஈடிடிஏ (கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) ஆகாது; தோலைக் கழுவிய திரவத்தில் அது இருந்தால் வேலையே நடக்காது. பத்து முறை உருக்கி உறையவைத்த குழாயும் அப்படித்தான்.

நாங்கள் மில்லிக்கு 2.4 யூனிட், 4 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைக்கிறோம். காலையில் உரியாவிட்டால் தூக்கிப் போடாமல் 37 டிகிரியில் அரை மணி வைத்து மறுபடி ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். முதுகுத் தோலும் உள்ளங்காலும் எப்போதுமே பிடிவாதம். சுன்னத்துத் தோல் சின்னப் பிள்ளை மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்கும்.

சளி மாதிரி இழுக்கிறது

டிரிப்சினில் போட்டு ஆட்டியபின் பிப்பெட்டில் உறிஞ்சினால் கொழகொழவென்று நூல் இழுக்கிறதா? அது செத்த செல்லிலிருந்து வெளியே வந்த டிஎன்ஏ. நல்ல செல்லையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். நிறையப் பேர் இதைப் பிரிக்கிறேன் என்று பிப்பெட்டால் அடித்து அடித்து இன்னும் நாலு செல்லை உடைத்து இன்னும் கொஞ்சம் டிஎன்ஏவை வெளியே விடுவார்கள். நிறுத்துங்கள். டிரிப்சினை நிறுத்தி, கழுவி, டிஎன்ஏவை வெட்டும் என்சைமான டிஎன்ஏஸ் சேர்த்துப் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். டிஎன்ஏஸுக்கு மக்னீசியம் வேண்டும். ஈடிடிஏ மிச்சம் இருந்தால் அந்த மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும், அதனால்தான் முதலில் கழுவச் சொல்கிறேன். அந்தக் குழாயை வோர்டெக்ஸில் வைத்துக் குலுக்காதீர்கள், டிஎன்ஏஸ் முரட்டுத்தனம் தாங்காது.

உயிரோடு இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு

மேல்தோல் தாளை எடுத்தபின் அடித்தோலின் மேல்பக்கத்தை ஸ்கால்பெல் முதுகால் லேசாகச் சுரண்டி, அந்தச் சுரண்டலை ஒரு சொட்டு பிபிஎஸ்ஸில் (செல் கழுவும் உப்புக் கரைசல்) வைத்துப் பாருங்கள். உருண்டை உருண்டையாகச் சின்னச் செல் நிறைய இருந்தால், நமக்கு வேண்டிய அடிவரிசைச் செல் தாளோடு வராமல் அங்கேயே தங்கிவிட்டது. டிஸ்பேஸ் நேரம் போதவில்லை. கையில் வந்திருப்பது மேல்வரிசைச் செல். அவை ஏற்கெனவே முதிர்ந்துபோனவை, பெருகும் ஆசையே இல்லாதவை.

அடித்தோல் சுத்தமாக இருந்தால் டிரிப்சின் பக்கம் வாருங்கள். 0.05 சதவீத டிரிப்சின் ஈடிடிஏயோடு, 37 டிகிரியில் பத்து முதல் பதினைந்து நிமிஷம். ஒரே மூச்சில் அரை மணி வைப்பதைவிட, பத்து நிமிஷத்தில் உதிர்ந்ததை எடுத்து வைத்துவிட்டு மிச்சத் தாளுக்குப் புது டிரிப்சின் ஊற்றுவது நல்லது. முதலில் உதிர்ந்தது அநியாயமாகச் சாகாது.

கருப்புப் புள்ளி: தொற்றா, நிறமா?

இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வழிமுறைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் பார்த்ததில்லை. அவர்கள் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெளிர் தோல்.

போன வருஷம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவி, முதல் கல்ச்சர், இரண்டாம் நாள் காலையில் முகம் வெளிறி வந்து நின்றாள். "அக்கா, பாக்டீரியா வந்திருச்சுங்க. பிளீச் ஊத்திரட்டுங்களா?" ஊற்றப் போன கையைப் பிடித்து நிறுத்தினேன். "இரு கண்ணு. அது ஊருதா, நின்ன எடத்துலயே துடிக்குதான்னு பாரு."

துடித்தது. இடம் மாறவில்லை. மீடியம் கண்ணாடி போலத் தெளிவு. அது மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் துகள். நம் ஊர்த் தோலில் கெரட்டினோசைட் வயிறு நிறைய மெலனினை வைத்திருக்கும். செல் உடைந்தால் அது வெளியே மிதக்கும். ஒரு மைக்ரான் அளவுதான் என்பதால் பாக்டீரியாவோடு குழப்பிக்கொள்வது இயல்பு. சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் குழாய் அடியில் பெல்லட் பழுப்பாக, சில சமயம் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தாலும் பதறவேண்டாம், அதே காரணம்தான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒட்டியிருக்கும் செல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெலனின் என்றால் செல்லுக்கு உள்ளேயும் இருக்கும், நியூக்ளியஸின் தலைமேல் குடை பிடித்த மாதிரி குவிந்திருக்கும். வெயிலிலிருந்து டிஎன்ஏவைக் காப்பது அதன் வேலை. மீடியம் மாற்றினால் மிதக்கும் புள்ளி குறையும். பாக்டீரியா என்றால் நாலைந்து மணியில் பெருகி, மீடியம் கலங்கி மஞ்சளாகிவிடும். அந்த மாணவியின் செல் பிறகு நாலு ஃபிளாஸ்க் நிறைந்தது.

ஒட்டவே இல்லை

முதலில் பொறுமை. விதைத்த அன்று சாயங்காலமே எடுத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தால் ஒட்டாது. 24 மணி நேரம் இன்குபேட்டர் கதவைத் திறக்காதீர்கள். 48 மணியில்தான் தீர்ப்பு. மிதப்பதெல்லாம் தோல்வி அல்ல, மேல்வரிசைச் செல் எப்படியும் மிதக்கும்.

இரண்டு நாளாகியும் தரை வெறுமை என்றால்: தட்டில் கொலாஜன் பூசினீர்களா? டிரிப்சினை நிறுத்தினீர்களா? செல் தாராளமாகப் போட்டீர்களா? முதல் விதைப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இருபதாயிரத்துக்குக் கீழே போனால் கெரட்டினோசைட் தனிமையில் ஏங்கிச் செத்துவிடும். 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதக் கெரட்டினோசைட்டைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டியபோது, கதிர்வீச்சால் பெருக்கத்தை நிறுத்திய 3டி3 எலிச் செல்லைத் துணைக்குப் போட்டதன் ரகசியமும் அந்தத் தனிமை சம்பந்தப்பட்டதுதான். இப்போது ஒய்-27632 என்ற, செல்லுக்குள் இருக்கும் ராக் என்சைமைத் தடுக்கும் மருந்தை 10 மைக்ரோமோலார் சேர்த்தால் ஒட்டுவது நன்றாக இருக்கும். ஆனால் செல்லின் நடத்தையை அது மாற்றும் என்பதால், கேள்வி நடத்தையைப் பற்றியது என்றால் நான் சேர்க்கமாட்டேன்.

ஒட்டியது, அப்புறம் தோசை மாதிரி பரந்து நின்றுவிட்டது

நல்ல கெரட்டினோசைட் காலனி கூழாங்கல் பாவிய தரை போல நெருக்கமாக இருக்கும். அது நாலாம் நாளே பெரிய பெரிய தட்டைச் செல்லாகி, ஓரம் மடிந்து, பெருகுவதை நிறுத்திவிட்டால் அதன் பெயர் முதிர்ச்சி. காரணம் பெரும்பாலும் கால்சியம்.

கெரட்டினோசைட்டைப் பெருக்க மீடியத்தில் கால்சியம் 0.06 முதல் 0.1 மில்லிமோலார் வரைதான் இருக்கலாம். அதைத் தாண்டினாலே முதிரத் தொடங்கும்; ஒரு மில்லிமோலாரைத் தாண்டினால் "சரி, தோலாகிவிடலாம்" என்று அடுக்கடுக்காய் எழும்பத் தொடங்கிவிடும். கால்சியம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் டிரிப்சினை நிறுத்த ஊற்றிய சீரத்திலிருந்து (ரத்தத்தின் தெளிந்த நீர்). அதைக் கழுவித் தள்ளாமல் விதைத்தாலே கெட்டது. சோயா டிரிப்சின் தடுப்பான் வைத்து நிறுத்துங்கள், சீரமே வேண்டாம்.

ஆனால் எங்களுக்கு நடந்தது சீரத்தால் அல்ல. ஒரு வருஷம் சித்திரை முழுக்க எந்தத் தோல் போட்டாலும் தோசை. மீடியம் மாற்றினோம், லாட் மாற்றினோம், ஆள்கூட மாற்றினோம். வைகாசியில் மழை வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. சிறுவாணித் தண்ணீர் குறைந்த மாதங்களில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். சிறுவாணியைக் குடித்து வளர்ந்தவருக்கு நாக்கிலேயே தெரியும் அந்த வித்தியாசம். எங்கள் சுத்திகரிப்புக் கருவியில் உப்பைப் பிடிக்கும் ரெசினுக்கு அது தாங்கவில்லை, மாற்றும் தேதி கடந்தும் கிடந்தது. பொடி வாங்கி நாங்களே கலக்கும் மீடியத்துக்கும் பிபிஎஸ்ஸுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 3 மில்லிமோலார். குடிநீர்த் தரத்தில் வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதி. செல்லுக்கு வேண்டியதோ 0.06. ரெசின் பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்டாலே ஆட்டம் முடிந்தது.

கருவி இல்லாதவர் செய்யக்கூடிய சோதனை: அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைச் சுத்தமான ஸ்லைடில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால், வீட்டில் ஹீட்டர் கம்பியில் படியும் அதே சுண்ணாம்புதான். கருவி இருந்தால் தண்ணீரின் மின்தடை 18.2 மெகாஓம் காட்டவேண்டும்; காட்டாவிட்டால் அன்றைக்கு மீடியம் கலக்காதீர்கள்.

கதிர் வடிவச் செல் ஆக்கிரமிக்கிறது

கூழாங்கல் நடுவே நீளநீளமாய் மீன்குட்டி போல ஓடுவது ஃபைப்ரோபிளாஸ்ட். உரிக்கும்போது அடித்தோல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றலாம்: 0.02 சதவீத ஈடிடிஏ ஊற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கண்ணெடுக்காமல் பாருங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் முதலில் சுருண்டு எழும்பும், கெரட்டினோசைட் பிடித்த பிடியை விடாது. எழும்பியதைக் கழுவித் தள்ளிவிட்டுப் புது மீடியம். பாதித் தட்டு அவர்கள் கையில் போய்விட்டால் அந்த ஃபிளாஸ்கை ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

கலங்கல், நூல், பூஞ்சை

ஒரே நாளில் கலங்கினால் தோலோடு வந்த பாக்டீரியா, கழுவியது போதவில்லை. போவிடோன் அயோடின், அப்புறம் ஆன்டிபயாடிக் கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று நான்கு முறை. நாலைந்து நாள் கழித்து வெள்ளை நூல் வந்தால் காற்றில் வந்த பூஞ்சை. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை ஆட்டும்போது, வடிகட்டிய காற்று ஓடும் ஹூடுக்கு வெளியே எதையும் திறக்காதீர்கள். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டையும் அன்றே மாற்றுங்கள். கலங்கவும் இல்லை, நூலும் இல்லை, ஆனால் செல் காரணமின்றிச் சோர்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலின் பலிக்காது, 0.2 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும். பிசிஆர் பார்த்து, இருந்தால் பிளீச்சில் ஊற்றிவிடுங்கள். ஒரு தோல் போனால் போகட்டும், இன்குபேட்டர் முழுக்கப் பரவினால் ஒரு வருஷம் போகும்.

கொலாஜினேஸில் அடித்தோல் கரையவில்லை

டிஸ்பேஸுக்குப் பிறகு டிரிப்சின் ஈடிடிஏ தொட்ட அதே இடுக்கியை, அதே குழாயை இங்கேயும் எடுத்திருப்பீர்கள். கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பறித்துவிடும். மேல்தோலுக்கு எது விஷமோ அது இங்கே உணவு. இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லாட்டுக்கு லாட் பலமும் மாறும், அதனால் புதிது வாங்கினால் முதலில் சின்னத் துண்டில் பார்க்கவேண்டும்.

எனக்குக் கேட்டால், அவசரமில்லாதபோது என்சைமே வேண்டாம் என்பேன். அடித்தோலைக் கடுகளவு நறுக்கி, தட்டின் தரையை ஸ்கால்பெல்லால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கீறலின் மேல் ஒவ்வொன்றாக உட்காரவையுங்கள். மூடியைச் சாய்த்து வைத்துப் பத்து நிமிஷம் லேசாக உலரவிடுங்கள். மீடியத்தை நேரே ஊற்றினால் துண்டெல்லாம் கிளம்பி மிதக்கும், அதுதான் இந்த முறையில் எல்லோரும் செய்கிற தப்பு. சுவரோரமாகச் சொட்டு சொட்டாய், தரை நனையும் அளவுக்கு மட்டும் விடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் துண்டின் ஓரத்தில் முதலில் ஒன்றிரண்டு ஃபைப்ரோபிளாஸ்ட் மெல்லிய கால் நீட்டும். அதன்பின் வெயில் கதிர் மாதிரி நாலாபக்கமும் வரும்.